ஒன்பதாம் பக்கத்துக் கட்டம்

பதினாலு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கீழே வலது மூலையில் ஒரு கறுப்புக் கட்டம், கறையான் அரித்த பலகை மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. டீக்கடையில் காசு வாங்க ஒட்டியிருக்கிறார்களே, அதே சாதி. டீக்கடைக் கட்டத்தில் போனைக் காட்டினால் நம் காசு போகும். என் பத்திரத்துக் கட்டத்தில் எவனாவது போனைக் காட்டினால் யார் காசு போகும்? இதைத்தான் நான் முதலில் கேட்டேன். அந்தப் பெண் சிரித்தது. எதிராளி சிரிக்கிற இடத்தில்தான் நான் கவனமாக இருப்பேன்.

அது பெயர் சஃப்ரின். தென்காசியில் ஒரு பைனான்ஸ் கம்பெனி மாடியில் பேப்பர்களைச் சரிபார்க்கிற வேலை. கடன் என் பேரில், பணம் என் மகள் நாச்சியாருக்கு. மூன்று லட்சம். அடமானம் கடையத்துப் பக்கம் என் பேரில் இருக்கும் அறுபது சென்ட் வயல். பதிவு ஆபீஸ் வேலையெல்லாம் முந்தின வாரமே முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது இந்தப் பதினாலு பக்கத்திலும் என் கையெழுத்து. போட்டால் மறுநாள் காலையில் பணம்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்குள் பணம் வேண்டும். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு கடையை நாச்சியார் சீசனுக்குப் பேசி வைத்திருந்தாள். இருபத்தையாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. மீதி பன்னிரண்டு மணிக்குள் போகாவிட்டால் கடையும் இல்லை, அட்வான்ஸும் இல்லை. புனலூர்க்காரன் ஒருவன் கையில் பணத்தோடு காத்திருந்தான். நாச்சியார் மூன்று சீசனாக அடுத்தவன் கடையில் நேந்திரம் சிப்ஸ் பொரித்தவள். முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த புள்ளி. இந்த வருஷம் தன் சட்டியில் பொரிக்க வேண்டும் என்று நின்றாள்.

"தாத்தா, இது காசு போற கட்டம் இல்ல. பார்கோடு" என்றது சஃப்ரின். "ஒங்க பேரு, லோன் நம்பரு, எவ்வளவு பணம், எத்தன மாசம், எத்தனாம் பக்கம், எல்லாம் இதுக்குள்ள இருக்கு."

"நான் ஒனக்கு எந்த ஊர்த் தாத்தா? அதெல்லாந்தான் மேல எழுத்துல இருக்கே. பெறகு எதுக்கு ஒளிச்சி வேற ஒருக்க?"

"ஒளிக்கல. மதுரை ஆபீஸ்ல ஒரு நாளைக்கு ஆயிரம் பேப்பர் வருது. மிசின் இந்தக் கட்டத்த மட்டும் பாத்து, எந்த ஃபைல்ல வைக்கணுமோ அங்கன வச்சிரும்."

"அப்ப மிசினுக்கு ஒரு பேச்சு, எனக்கு ஒரு பேச்சு."

"ரெண்டும் ஒரே பேச்சுதான்."

"ஒரே பேச்சுன்னா வாசிச்சிக் காட்டு."

அது கட்டத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "மனுசக் கண்ணால வாசிக்க முடியாதுல்லா."

"ஒனக்கு வாசிக்கத் தெரியாது, எனக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் நான் போடணும். நல்லாருக்கே."

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். விற்கிறவன் கையில் ஒரு விரலை மடக்குவேன். வாங்குகிறவன் கையில் ஒரு விரலைக் கூடப் பிடிப்பேன். நடுவில் நின்ற வித்தியாசம் என் பைக்கு. வெளியே நின்று பார்க்கிறவனுக்குத் துண்டுதான் தெரியும். ஆகவே மூடி வைத்த கணக்கு என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதில் தின்றவன் நான்.

"எப்பா, மணி மூணாவுது" என்றாள் நாச்சியார். "ஊர்ல எல்லாவனும் போடுதான். ஒங்களுக்கு மட்டும் என்ன?"

"எல்லாவனும் போட்டான். எல்லாவன் வயலும் இருக்கா?"

கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் துல்கர்னைன் எனக்குத் தெரிந்தவன். அவன் வாப்பாவிடம் ஆடு வாங்கியிருக்கிறேன். அவனிடம் போன் இருந்தது. பேப்பரைக் கீழே கொண்டு போகிறேன் என்றேன். சஃப்ரின் எழுந்துவிட்டது. "ஃபைல் என் கையை விட்டுப் போவக் கூடாது. நானும் வாரேன்." பேப்பரைப் படம் பிடிக்கக் கூடாது என்று அதன் போனை ஆபீஸில் டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார்களாம். சொந்த ஆளையே நம்பாத ஆபீஸ், என்னை நம்பச் சொல்லுகிறது. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அது படியில் முன்னால் இறங்கியது. நான் ஓடிவிடுவேன் என்று அதற்குச் சந்தேகம் போல.

துல்கர்னைன் முதல் பக்கத்தில் போனைக் காட்டினான். காசு அனுப்புகிற ஆப்பில் காட்டினான் போல, தப்பான கோடு என்று வந்தது.

"பாத்தியா? தப்புன்னு அதுவே சொல்லுது" என்றேன்.

"சும்ம இரிம் மாமா. காசு ஆப்புக்கு இது தப்பு. கேமராவ வச்சிப் பாப்போம்." மறுபடி காட்டினான். ஏதோ எழுத்தும் எண்ணும் வரிசையாக வந்தது. "குத்தாலிங்கம். ஒம்ம பேருதான். மூணு லட்சம். அறுவது மாசம். பக்கம் ஒண்ணு."

மேலே எழுத்தில் இருந்ததும் அதேதான். இரண்டாம் பக்கமும் அதே பேர், அதே பணம், பக்கம் மட்டும் இரண்டு. மூன்று, நான்கு, ஐந்து. சஃப்ரின் ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தது. ஜெயித்த முகம். எனக்கு இன்னும் சந்தேகம்தான் வந்தது. ஐந்து படி சரியாக அளப்பவன் ஆறாம் படியில் கட்டைவிரலை உள்ளே விடுவான்.

"எட்டு போதும் மாமா, எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு" என்றான் துல்கர்னைன்.

"ஒண்ணுபோல இருக்கதத்தான் கடைசி வர பாக்கணும். காட்டு."

ஒன்பதாம் பக்கத்தில் போனைப் பிடித்தான். போனைத் தள்ளிப் பிடித்தான், கிட்டப் பிடித்தான்.

"என்னலே?"

"லோகநாயகின்னு வருது. அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம். எண்பத்து நாலு மாசம். பக்கம் ஒம்பது."

சஃப்ரின் போனைப் பிடுங்கிப் பார்த்தது. அதன் முகத்தில் ஜெயித்ததெல்லாம் போய்விட்டது. மிச்சம் ஐந்து பக்கமும் என் பேர்தான். ஒன்பது மட்டும் லோகநாயகி. அந்தப் பக்கத்தில் எழுத்தில் ஒரு பேரும் இல்லை, ஒரு தொகையும் இல்லை. தவணை தவறினால் இது, வழக்கு வந்தால் அது என்று பொடி எழுத்து. எழுத்தை மட்டும் வாசித்திருந்தால் வக்கீலுக்கும் தெரிந்திருக்காது.

மாடியில் மேனேஜர் சண்முகநாதன் ஏசி ரூமில் இருந்தார். சஃப்ரின் அந்த ஒரு தாளை மேஜையில் வைத்தது. அவர் பார்த்ததும் சிரித்தார். இன்றைக்கு இரண்டாவது சிரிப்பு.

"இதுக்கா அண்ணாச்சி இம்புட்டுக் கலவரம்? ஒம்பதாம் பக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதான். ஒரு எழுத்து மாறாது. ஒங்களுக்கு அடிக்கையில பிரிண்டரு ஒம்பதாம் பக்கத்தச் சுருட்டித் தின்னுட்டு. கேன்சலான லோன்ல நல்ல தாளு கெடந்துது, எடுத்துச் சொருவியாச்சு. வருசக்கணக்கா இப்படித்தான் ஓடுது."

"புதுசா ஒண்ணு அடிக்கதுக்கு என்ன?"

"ரெண்டாந் தடவ அடிக்க மதுரையில பெர்மிசன் கேக்கணும். ஏன் தின்னுச்சி, எப்படித் தின்னுச்சின்னு நூறு கேள்வி. நாளைக்கு மத்தியானத்துக்கு முன்ன வராது."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. கட்டம் இல்லாத காலத்தில் தாள் தாள்தான். எவன் ஃபைலில் எடுத்து எவன் ஃபைலில் சொருகினாலும் தெரியாது. இந்த மாசம் முதல் தேதியிலிருந்துதான் ஒவ்வொரு தாளுக்கும் கட்டம் வந்ததாம். கட்டம் மாறிவிட்டது, இவர்கள் கை மாறவில்லை.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா தாள் எங்கன போவும்?" என்று சஃப்ரினைக் கேட்டேன். அது மேனேஜரைப் பார்த்தது. "அவரப் பாக்காத. என்னப் பாத்துச் சொல்லு."

"லோகநாயகி ஃபைலுக்குப் போயிரும்."

"அவ வாங்குன அஞ்சு லட்சத்துக்கு நான் கையெழுத்து."

"அவங்க வாங்கல அண்ணாச்சி" என்றார் சண்முகநாதன். "வாசுதேவநல்லூர்க்காரி. கேன்சல் ஆயிட்டுன்னு சொல்லுதேம்லா."

"நாளைக்கு அவ மறுபடி வந்து கேட்டா?"

அவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்ன புட்டியை எடுத்தார். எழுத்தை அழிக்க வெள்ளையாகத் தடவுவார்களே, அந்த மை. "இந்தக் கட்டத்து மேல ஒரு இழுப்பு. அம்புட்டுதான். மிசினுக்குத் தெரியலன்னா அங்கன ஒரு ஆளு கையால நம்பர் போட்டுருவான். ஒங்க மகளுக்கு நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பணம். நான் பொறுப்பு."

நான் பொறுப்பு என்று நானும் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

நாச்சியார் என் தோளைப் பிடித்தாள். "எப்பா, போடுங்க. கால்ல வேணாலும் விழுதேன். கடை போயிரும்."

"வயலு போனா?"

"ஒரு தாளுக்காகவா வயலு போவுது? மூணு வருசமா அவன் சட்டியில வெந்துட்டேன்பா. நீங்க ஒரு மனுசனயாவது நம்பியிருக்கியளா? எங்கம்மயவே நம்பாம அரிசிப் பானையில கோடு போட்டு வச்ச ஆளுதான."

அதை அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் உண்மை. நான் பேனாவை எடுத்தேன். போட்டுத் தொலைப்போம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்போது சஃப்ரின் குறுக்கே கையை நீட்டித் தாளை இழுத்துக்கொண்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சரிபார்த்தேன் என்று அதன் கையெழுத்து இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் இருந்த தன் கையெழுத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு கிழித்தது.

"நான் பாக்காமலே போட்டுட்டேன் சார். எடுத்துக்கிடுதேன். மதுரைக்கு எழுதிக் கேளுங்க. இல்லன்னா நானே கேக்கேன்."

"ஏம்மா, வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும். அதனாலதான் சொல்லுதேன்."

நல்ல பெண் என்று நான் நினைத்துவிடவில்லை. நாளைக்கு ஏதாவது வந்தால் தன் தலை தப்ப வேண்டும் என்று செய்திருக்கும். ஆனால் கோடு கிழித்த தாளில் யாரும் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்ல முடியாது. சண்முகநாதன் புட்டியை டிராயரில் போட்டு மூடினார். போனை எடுத்து மதுரைக்குப் பேசினார். பெர்மிசன் மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான், பணம் நான்கு மணிக்குள் ஏறலாம் என்றார்.

பன்னிரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் நாலு மணி நேரம். அதைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

கடைக்காரர் பால்வண்ணநாதன். பழைய குடும்பம், ரோட்டோரத்தில் ஆறு கடை வாடகைக்கு விடுகிறார். அன்றைக்குச் சாயங்காலமே நாச்சியாரும் நானும் பஸ்ஸில் குற்றாலம் போனோம். வழியெல்லாம் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சாரல் உள்ளே அடித்தது. மூடவும் இல்லை. இந்தக் கடையைப் பேசி முடித்தது அவள்தான். கடைக்காரர் யார் என்று எனக்கு வீட்டில் பெயரைச் சொல்லியிருந்தாள். நான் யார் என்று அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அவர் தன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கண்ணைச் சுருக்கினார்.

"வாரும்வே குத்தாலிங்கம். நீரா இந்தப் பிள்ளைக்கு அப்பன்? தெரிஞ்சிருந்தா அட்வான்ஸே வாங்கியிருக்க மாட்டேன்."

"ஒரு நாலு மணி நேரம் வேணும். நாளைக்கு நாலு மணிக்குப் பணம் வந்துரும்."

"யாரு சொல்லுதா, நீரா? ஒம்ம வாயால நாலு மணின்னா அது எந்த ஊரு நாலு மணி?"

நாச்சியார் நடந்ததைச் சொன்னாள். கட்டம், ஒன்பதாம் பக்கம், லோகநாயகி எல்லாம். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "கதை நல்லாருக்கு. யாத்தா, ஒங்கப்பன் எனக்கு ஒரு எரும வாங்கிக் கொடுத்தாரு. அது ஒனக்குத் தெரியுமா? பத்து வருசம் ஆச்சு. முப்பத்தொம்பதாயிரத்துக்கு முடிச்சேம்னாரு. நான் கொடுத்தேன். வித்தவன் பெறகு என்ட்ட வேற கணக்குச் சொன்னான்."

"எவ்வளவு சொன்னான்?" என்று நாச்சியார் கேட்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அத அவரு சொல்லட்டும்" என்றார் பால்வண்ணநாதன். "சொல்லும்வே. ஒம்ம மக முன்னாடி சொல்லும். எவ்வளவு எடுத்தீரு? இந்தக் கணக்கு நேரா வந்தா ஒம்ம நாலு மணிக் கணக்கும் நேரா இருக்கும்னு எடுத்துக்கிடுதேன்."

விற்றவன் இவரிடம் எவ்வளவு சொன்னான் என்று எனக்குத் தெரியாது. ஆயிரம் என்று சொல்லியிருக்கலாம். நான் ஆயிரம் என்று சொல்லி, அதுவும் ஒத்துப்போனால் குறைந்த மானத்தோடு தப்பலாம். ஒத்துப்போகாவிட்டால் கடை போச்சு. கூட்டிச் சொன்னாலும் போச்சு. மனதுக்குள் நாலைந்து எண்ணைப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் உள்ளதைச் சொல்வதைத் தவிர வேறு எண் கிடைக்கவில்லை.

"மூவாயிரம். அதுபோக ஒம்மட்ட தரகு ஐநூறு தனியா வாங்கினேன்."

அருவிக்குப் போகிற கும்பல் ஒன்று தலையில் எண்ணெயோடு எங்களைத் தாண்டிப் போனது.

"நீரு ரெண்டாயிரத்து ஐநூறு எடுத்தீருன்னுதான் வித்தவன் சொன்னான்" என்றார். "அவனும் எங்கிட்ட ஐநூறு கொறச்சிச் சொல்லியிருக்கான், வாயில மண்ணு. சரி. அஞ்சு மணி வர டைம் தாரேன். அஞ்சு அடிச்சி ஒரு நிமிசம் ஆனாலும் புனலூர்க்காரனுக்குப் போன் போட்டுருவேன். வாடகையில மூவாயிரம் கூட. பத்து வருச வட்டி வேண்டாம்."

நாச்சியார் சரி என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டேகாலுக்குப் பெர்மிசன் வந்தது. சஃப்ரின் என் கண் முன்னால் தாளை அடித்தது. சூடாக இருந்த தாளை நான் துல்கர்னைனிடம் கொண்டு போனேன், ஃபைலோடு சஃப்ரினும் வந்தது. குத்தாலிங்கம், மூன்று லட்சம், அறுபது மாசம், பக்கம் ஒன்பது. மற்ற பதிமூன்றையும் மறுபடி காட்டச் சொன்னேன்.

"நேத்துதானே மாமா பாத்தோம்."

"நேத்து ராத்திரி ஃபைல் யாருகிட்ட இருந்தது?"

சஃப்ரின் தானே ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் போனுக்குக் காட்டியது. பதினாலும் சரி. கையெழுத்துப் போட்டேன். மூன்று நாற்பதுக்கு நாச்சியார் போனில் பணம் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. பஸ் நிலையம் போய் நிற்க நேரமில்லை. ஆட்டோ பிடித்தோம். ஆட்டோவிலேயே அவள் பால்வண்ணநாதன் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டாள். நாலேகாலுக்கு அவர் முன்னால் போய்ப் போனை நீட்டினாள்.

அவர் போனைத் தொடவே இல்லை. "ஒன் போன்ல எழுதுனது ஒன் எழுத்து. என் பாஸ்புக்ல ஏறுனாத்தான் எனக்குப் பணம்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனார். பேங்கில் பாஸ்புக் அடிக்கிற மிசின் முன்னால் வரிசை நிற்கும் என்று எனக்குத் தெரியும். நாலரை ஆனது. நாலே முக்கால். நாச்சியார் பூட்டிய ஷட்டர் முன்னால் நின்றுகொண்டே இருந்தாள். பணம் கொடுத்தவனை நம்பாமல் இந்த ஆள் எங்கே போய்த் தொலைந்தான், வேண்டுமென்றே ஐந்தைத் தாண்ட விடுகிறானோ, புனலூர்க்காரனைத்தான் பார்க்கப் போயிருக்கிறானோ என்று நான் வாய்விட்டே சொன்னேன். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

ஐந்துக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது சைக்கிள் வந்தது. பாஸ்புக்கைச் சட்டைக்குள் நனையாமல் வைத்திருந்தார். நான் கையை நீட்டினேன். "நீரும் பாரும்" என்று அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். தொகை சரியாக இருந்தது. சாவியை என் கையில் கொடுக்கவில்லை. நாச்சியார் கையில் கொடுத்தார்.

ஷட்டரைத் தூக்க நான் குனிந்தேன். அவள் என்னை விலக்கிவிட்டுத் தானே தூக்கினாள். உள்ளே போய் அடுப்புக்கு எந்தப் பக்கம், வாழைக்காய்க்கு எந்தப் பக்கம் என்று கையால் அளந்தாள். நான் மீட்டரில் என்ன எண் நிற்கிறது என்று பார்த்தேன். கூரைத் தகரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு இடத்தில் இருந்தது.

"எப்பா" என்றாள். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு என்னிடம் முதல் பேச்சு. "வாடகையில ஏறுன அந்த மூவாயிரம் ஒங்க கடன். ஒங்க முதியோர் பென்சன்ல மாசாமாசம் ஆயிரமா எங்கிட்ட தந்துரணும்."

"சரி" என்றேன். "எழுதித் தரட்டுமா?"

"வேண்டாம்."

ஏன் வேண்டாம் என்றாள் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.